சத்தம் போடாதவன் முதலில்

என் வீட்டில் இடி இடிப்பவள் என் மனைவி. இதைச் சொன்னால், என் கடைக்கு மூக்குக்கண்ணாடி வாங்க வரும் ஆண்கள் எல்லோரும் "எங்க வீட்லயும் அதேதான்" என்று தலையாட்டுவார்கள். ஆனால் என் மனைவிக்கு அதுதான் உத்தியோகம். உயரழுத்த மின்சாரத்தைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் அவள் பொறியாளர். மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான்களும் டிரான்ஸ்பார்மர்களும் மின்னல் அடித்தால் தாங்குமா என்று பார்ப்பதற்காக, இரண்டு மாடி உயரத்துக்கு அடுக்கிய மின்தேக்கிகளில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, மொத்தத்தையும் ஒரே வீச்சில் அவிழ்த்துவிடுவார்கள். கட்டடமே அதிரும். அவள் நிதானமாகக் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, அடுத்த பீங்கானை மாட்டச் சொல்வாள்.

அதனால் மின்னலிடம் அவளுக்குப் பயமும் கிடையாது, பக்தியும் கிடையாது. மரியாதை மட்டும் உண்டு. "அதுவும் கரண்ட்டுதாங்க" என்பாள். "வீட்டு ஒயர்ல ஓடறது வாய்க்கால். அது காட்டாறு. இஸ்திரிப் பெட்டி இழுக்கிறதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு ஒரே கோட்டுல பாயும். ஆனா கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள வத்திரும்."

என் தம்பி ஓட்டப் பந்தயப் பயிற்சியாளன். எந்நேரமும் கழுத்தில் தொங்குவதைப் பார்த்து எல்லோரும் அவனை விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியின் பயிற்சிக் கழகத்துப் பிள்ளைகளை மைதானத்துக்கு ஏற்றிப் போகும் பஸ்ஸும் அவள் கையில்தான்.

என் மனைவியும் அவளும் ஓரகத்திகள். சண்டைக்காரிகள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேருமே எதையும் சந்தேகமில்லாமல் பேசுகிறவர்கள், அதுதான் தொந்தரவு. ஒரு உறையில் இரண்டு கத்தி. கூட்டுக்கு உப்புப் போடுவதிலிருந்து கூரை ஒழுகுவது வரைக்கும் இரண்டு கருத்து இருக்கும், இரண்டும் உறுதியாக இருக்கும். நானும் தம்பியும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

ஒருமுறை சாப்பாட்டு மேஜையில் பேச்சு மின்னலுக்குப் போனது. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் பஸ்ஸுக்குள் இருப்பதுதான் நல்லது என்று என் மனைவி சொன்னாள். அது தனக்குத் தெரியும், டயர் ரப்பர் என்பதால்தானே என்றாள் தம்பி மனைவி. என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். வானத்திலிருந்து அத்தனை தூரம் காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிறதே, அதற்கு ஒரு சாண் ரப்பர் எம்மாத்திரம் என்று கேட்டாள். காப்பாற்றுவது டயர் இல்லை, தகரக் கூடு. மின்சாரம் அந்தக் கூட்டின் வெளிப்பக்கமாகவே வழிந்து, சக்கரத்திலிருந்து தரைக்குத் தாவிவிடும். உள்ளே இருப்பவன் ஜன்னல் கம்பியைப் பிடிக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்றாள். தம்பி மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டாள். பிறகு, "எப்படியோ, பஸ் நல்ல வண்டின்னு ஒத்துக்கிட்டீங்களே அக்கா, அது போதும்" என்றாள்.

பிறகு ஒரு ஞாயிறு பிற்பகல் நாங்களும் அந்த பஸ்ஸிலேயே மைதானத்துக்குப் போயிருந்தோம். பயிற்சி முடிந்ததும் எல்லோரும் தம்பி வீட்டில் சாப்பிடுவதாக ஏற்பாடு. மைதானத்தின் ஒரு பக்கம் இரும்புக் குழாய் வேலி. மறு கோடியில் ஒரு பெரிய மரம். அதன் பக்கத்தில் உயரம் தாண்டுகிறவர்கள் விழுவதற்கான பஞ்சு மெத்தை. உடை மாற்றும் இடம் என்ற பெயரில் நான்கு கால்களும் ஒரு தகரக் கூரையும்.

பிள்ளைகள் குறுக்குக் கட்டைகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். வெயில்கூட அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மட்டும் வானம் கன்றிப்போய், உச்சியில் தட்டையாக விரிந்த ஒரு மேகம் நின்றது. எங்கோ யாரோ மேஜையை இழுத்துப் போட்டதைப் போல ஒரு உருட்டல் கேட்டது. எனக்கு அது இடியென்றே தோன்றவில்லை. என் மனைவி எழுந்து நேராகத் தம்பியிடம் நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

"நிறுத்திடுங்க. பிள்ளைங்களை பஸ்ஸுல ஏத்துங்க."

"ஒரு பொட்டு மழை இல்லையே அண்ணி?"

"மழைக்கு முன்னாடியே அது வரும். அதோட சத்தம் நம்ம காதுக்கு எட்டுதுன்னா, அதோட கையும் நமக்கு எட்டும்."

தம்பி அவளோடு வாதம் செய்கிறவன் இல்லை. விசிலை ஊதினான். நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகைக்கு ஓடிய பிள்ளைகளையும் என் மனைவி திருப்பி பஸ்ஸுக்கு விரட்டினாள். தம்பி மனைவி எல்லோரையும் உட்கார வைத்து, ஜன்னல்களை மூடச் சொல்லி, "கை மடியில. யாரும் கம்பியைத் தொடக் கூடாது" என்று கட்டளை போட்டாள். அதைச் சொல்லும்போது ஓரகத்தியின் பக்கம் பார்க்கவே இல்லை. முதல் துளிகள் கண்ணாடியில் பட்டன.

அப்போதுதான் தம்பிக்கு மெத்தை ஞாபகம் வந்தது. நனைந்தால் காய ஒரு வாரம் ஆகும். அடுத்த சனிக்கிழமை போட்டி. உயரம் தாண்டும் பெண் ஒருத்தியின் அப்பா தையல்காரர். அந்த மெத்தைக்குத் தார்ப்பாய் உறை தைத்துக் கொடுத்தவரே அவர்தான். அவரும் மைதானக் காவலரும் தம்பியோடு சேர்ந்து ஓடினார்கள். என் மனைவி பஸ் வாசலில் நின்று கூப்பிட்டாள். "இதோ வந்துட்டேன் அண்ணி" என்று திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினான். மூன்று பேரும் மரத்தடியில் உறையின் மூலைகளை இழுத்துக்கொண்டிருப்பது மழையில் தெரிந்தது.

அதற்கடுத்து நான் பார்த்ததை வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் அது வரிசையாக நடக்கவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. பஸ்ஸுக்குள் இருந்த ஒவ்வொரு முகமும் சுண்ணாம்பு பூசினதைப் போல வெளுத்தது. காதுக்குள் ரீங்காரம். கண் தெளிந்தபோது மரத்தில் மேலிருந்து கீழ் வரைக்கும் பட்டை உரிந்து, உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. மரத்துக்குள் இருந்த ஈரம் அந்த ஒரு கணத்தில் ஆவியாகி, பட்டையை வெடித்துத் தள்ளியிருக்கிறது. மெத்தை புகைந்தது. நின்றிருந்த மூன்று பேரில் ஒருவர்கூட நிற்கவில்லை.

பஸ்ஸுக்குள் பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். என் மனைவி கதவைத் திறந்தாள். இறங்குவதற்கு முன் ஓரகத்தியிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"வண்டியை அங்க கொண்டு வா."

அவ்வளவுதான். ஏன், எப்படி என்று அவள் கேட்கவில்லை.

நான் மனைவியின் பின்னால் ஓடினேன். காவலர் மண்டியிட்டபடி காதைப் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். தையல்காரர் மல்லாந்து கிடந்தார். "காலு போச்சு, என் காலு போச்சு" என்று கதறினார். கால்கள் இருந்தன, நீலம் பாரித்து, விறைத்து, அவர் சொன்னபடி கேட்காமல் கிடந்தன. நான் அவர் பக்கத்தில் குனிந்தேன். அவர் என் கால்சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

என் மனைவி அந்த இரண்டு பேரையும் தாண்டிப் போனாள். தம்பி மரத்துக்கு அந்தப் பக்கம் ஒருக்களித்துக் கிடந்தான். ஒரு செருப்பு கிழிந்து தூரத்தில் கிடந்தது. அவனிடமிருந்து எந்தச் சத்தமும் இல்லை.

"என்னங்க, கத்தறவங்களுக்கு உசுரு இருக்கு. இங்க வாங்க."

அவர் கையை விடுவித்துக்கொண்டு போனேன். அவள் அவனைப் புரட்டி மல்லாக்கப் போட்டு, கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காவலர் அந்த வலியிலும் எங்களை எச்சரித்தார். உடம்பில் கரண்ட் இருக்கும், தொட்டால் எங்களையும் இழுத்துவிடும் என்றார்.

"ஒயரைப் பிடிச்சவனைத் தொடக் கூடாது, அதுல ஓடிக்கிட்டே இருக்கும்" என்றாள் அவள், கையை எடுக்காமலே. "இது வந்துச்சு, போயிருச்சு. இவர் உடம்புல ஒண்ணும் மிச்சம் இல்ல."

பிறகு நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தத் தொடங்கினாள். அவள் வேலை செய்யும் இடத்தில் வருடா வருடம் முதலுதவிப் பயிற்சி உண்டு. கற்றுக்கொண்டதை வீட்டில் தலையணையை வைத்து எனக்கும் சொல்லிக்கொடுப்பாள். தலையணைக்கு வாயோடு வாய் வைத்து ஊதுகிற ஒரே கண்ணாடிக் கடைக்காரன் நானாகத்தான் இருப்பேன் என்று அலுத்துக்கொள்வேன். இப்போது அவள் சொல்லும்போதெல்லாம் என் தம்பியின் மூக்கைப் பிடித்து, தாடையைத் தூக்கி, ஊதினேன். அவன் உதடு மழையில் ஜில்லென்று இருந்தது.

பின்னால் பஸ் உறுமியது. மைதானத்துக்குள் வண்டி வரும் வழியில் பூட்டிய ஒரு தடுப்புக் குழாய் உண்டு. சாவி காவலரின் சட்டைப்பையில் இருந்தது. தம்பி மனைவி சாவியைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. முன்சீட்டைப் பிடித்துக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, குழாயை முட்டி வளைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஈரப் புல்லில் அவ்வளவு பெரிய வண்டியைத் திடீரென்று நிறுத்தினால் சறுக்கும், மெதுவாக வந்தால் புதையும். ஒரே சீராக வந்து, தம்பியின் காலடியில் வாசல் இருக்கும்படி நிறுத்தினாள்.

மூத்த பிள்ளைகள் நான்கைந்து பேர் இறங்கி வந்தார்கள். தம்பியை நடைவழியில் கிடத்தினோம். என் மனைவி கூடவே ஏறி மறுபடி அழுத்தத் தொடங்கினாள். தையல்காரரைத் தூக்கி அவர் மகளின் பக்கத்தில் உட்கார வைத்தோம். காவலர் என் தோளைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினார். கதவு மூடியது. சற்று நேரத்தில் மைதானத்தின் இன்னொரு மூலையில் மறுபடி வெளுத்தது. விளக்குக் கம்பம் ஒன்றில் இறங்கியிருக்க வேண்டும். இந்த முறை பிள்ளைகள் அழவில்லை. எல்லோர் கையும் மடியில் இருந்தன.

தம்பி மனைவி ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து பின்னால் வரப் பார்த்தாள். அவள் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

"நீ இங்க வந்தா ஓட்டறது யாரு?" என்றாள் என் மனைவி. குரல் உயரவில்லை. "நான் பார்த்துக்கறேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

அவள் உட்கார்ந்தாள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒரு முறை பார்த்தாள். பிறகு கையை நீட்டி, பின்பக்கம் தெரியாதபடி அந்தக் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டு வண்டியை எடுத்தாள்.

ஓடுகிற பஸ்ஸின் தரையில் மண்டியிட்டு ஒருவன் நெஞ்சை அழுத்துவது லேசான காரியமில்லை. வளைவில் நாம் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். இதைத் தம்பி மனைவி யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டாள். சாலையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். "இடது பக்கம் திரும்பறேன். பள்ளம் வருது. சிக்னல், நிக்க மாட்டேன், ஆரன் அடிக்கிறேன். நேர் ரோடு." அவள் சொன்னதும் நானும் பிள்ளைகளும் இருக்கைக் கால்களில் காலை உதைத்து என் மனைவியின் தோளைத் தாங்கிப் பிடிப்போம். அவள் அழுத்துவதை ஒரு தாளம்கூடத் தவறவிடவில்லை.

பாதி வழியில் என் மனைவி அழுத்துவதை நிறுத்தினாள். அவள் கழுத்தில் விரல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"நாடி வந்துருச்சு" என்றாள், முன்பக்கம் கேட்கும்படி.

"வேகத்தடை வருது" என்றாள் தம்பி மனைவி.

நான் நிமிர்ந்து உட்காரப் போனேன். என் மனைவி என் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்தாள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா பாருங்கள் என்றாள். பார்த்தேன். இல்லை. இதயம் தானாகவே மறுபடி ஓடத் தொடங்கும் சுபாவம் உள்ளது. மூச்சுவிடச் சொல்லும் மூளை அவ்வளவு சீக்கிரம் முழித்துக்கொள்ளாது. அதுவரைக்கும் அவனுக்காக நாம்தான் மூச்சுவிட வேண்டும், விட்டால் வந்த நாடியும் போய்விடும் என்று பிற்பாடு விளக்கினாள். அப்போது சொன்னது ஒரே வார்த்தை: "ஊதுங்க."

ஊதினேன். சின்ன வயதில் நானும் அவனும் பலூனுக்காக அடித்துக்கொண்டிருக்கிறோம், யார் பெரிதாக ஊதுவதென்று. அந்த நினைப்பெல்லாம் அப்போது வரவில்லை. வந்ததெல்லாம், என் மூச்சு போதுமா என்ற கணக்கு மட்டும்தான். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் பஸ் திரும்பும்போது, நான் ஊதாமலே அவன் நெஞ்சு ஒரு தரம் எழும்பியது. நீண்ட இடைவெளி. மறுபடி ஒரு தரம். கரடுமுரடான, கர்புர்ரென்ற மூச்சு. அவன் குறட்டையைப் பற்றி வாழ்நாளெல்லாம் குறை சொன்னவன் நான். அதைவிட இனிமையான சத்தத்தை அதுவரை கேட்டதில்லை.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா எங்கள் கையிலிருந்து அவனை வாங்கிக்கொண்டார். என்ன நடந்தது என்பதை என் மனைவி நாலு வரியில் சொன்னாள். அவர் நாலு வரியையும் கேட்டுவிட்டு மறுகேள்வி கேட்காமல் உள்ளே போனார். அன்று ராத்திரி முழுவதும் இயந்திரம் அவன் மூச்சுக்குத் துணை செய்தது. தையல்காரரின் கால்களில் இருட்டுவதற்குள்ளேயே சூடு ஏறி, அவரே எழுந்து நடந்து வந்து எங்களைப் பார்த்தார். நரம்பும் ரத்தக் குழாயும் அதிர்ச்சியில் சுருங்கிக்கொள்ளுமாம். பெரும்பாலும் தானே சரியாகிவிடுமாம். மரத்தில் இறங்கிய மின்சாரம் மண்ணில் பரவும்போது, அகட்டி வைத்த இரண்டு கால்களுக்கு நடுவிலேயே வித்தியாசம் உண்டாகி, ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கியிருக்கிறது. தம்பி மரத்துக்கு மிக அருகில் நின்றதால், மரத்திலிருந்தே மின்னலின் ஒரு கிளை அவன் மேல் தாவிவிட்டது. நனைந்த சட்டையின் மேலாகவே பெரும்பகுதி வழிந்து போனதால்தான் பிழைக்க வாய்ப்பு இருந்தது என்று என் மனைவியும் டாக்டரம்மாவும் பேசிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு பெஞ்சு. பிள்ளைகளை வீடு சேர்ப்பதற்கு வேறு ஓட்டுநர் வந்து பஸ்ஸை எடுத்துப் போன பிறகுதான் தம்பி மனைவி அதில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. என் மனைவி வாங்கித் திறந்துகொடுத்தாள். அவளுடைய உள்ளங்கையும் வீங்கித்தான் இருந்தது.

"அவர் பொழைச்சுக்குவார்னு உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியாது."

"அப்புறம் எப்படி அவ்வளவு உறுதியா இருந்தீங்க?"

"யாரை முதல்ல பார்க்கணும்னு தெரியும். அதுல மட்டும்தான் உறுதி." உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே, "நீ வண்டியைக் கொண்டு வருவேன்னும் தெரியும்" என்றாள்.

தம்பி மனைவி அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் எழுந்து டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

மறுநாள் அவன் கண் விழித்தான். இடது காதுச் சவ்வு கிழிந்திருந்தது. முதுகில் பெரணி இலையை ஒற்றி எடுத்ததைப் போல ஒரு சிவந்த கோலம் கிளைத்திருந்தது. இரண்டு நாளில் சுவடு தெரியாமல் மறைந்துவிட்டது. மறையாதவையும் உண்டு. சீக்கிரம் களைத்துப்போனான். ஓடுகிற பிள்ளையின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும். அந்தக் கோபத்தை அந்தப் பிள்ளை மேலேயே காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து வருந்துவான். அன்றைக்கு உறையை இழுத்தது அவனுக்கு நினைவில்லை. என் மனைவி கூப்பிட்டதும் நினைவில்லை. மரத்தடிக்குத் தான் போனதையே நம்ப மாட்டேன் என்றான். நாங்கள் மூன்று பேரும் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அடுத்த பருவம் தொடங்கும்போது மைதானத்தில் இருந்தான். இடி கேட்டால் பயிற்சி நிற்கும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் யாரும் பஸ்ஸிலிருந்து இறங்கலாம். மெத்தை நனைந்தால் நனையட்டும். இது இப்போது அவன் போட்ட சட்டம்.

போன வாரம் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்குக் கால்வாய் ரோட்டில் போயிருந்தால் ஆஸ்பத்திரி இன்னும் சீக்கிரம் வந்திருக்கும் என்று என் மனைவி சொன்னாள். நானும் தம்பியும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அந்த ரோடு குறுக்குவழிதான்" என்றாள் தம்பி மனைவி. "ஆனா பூரா குண்டும் குழியும். உங்க கை அவர் நெஞ்சுல நின்னிருக்காது அக்கா. நான் யோசிச்சுதான் சுத்திப் போனேன்."

என் மனைவி அவளையே பார்த்தாள். நானும் தம்பியும் காத்திருந்தோம்.

"சரிதான்" என்றாள் என் மனைவி. "அது எனக்குத் தோணல."

இருபது வருடக் குடித்தனத்தில் அவள் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. தம்பி தன் நல்ல காதை எங்கள் பக்கம் திருப்பி, "அண்ணி இப்ப என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். அவன் மனைவி, "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, ஓரகத்தியின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.